காமிராவுடன் காட்டுக்கு

ஆனேக்கல் பகுதியில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு யானை புதிய பிராணி அன்று. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் அநேகர். தளியையும் ஜவளகிரியையும் தேன்கனிக்கோட்டையையும் நன்கு அறிந்தவர்கள். சிறு வயதில் கேழ்வரகுக் கொல்லையின் நடுவே பரண்மீது விழித்திருந்து தகரம் தட்டியவர்களும் நம்மிடையே உண்டு. அத்தகையவர்களின் பிள்ளைகள் இன்று கழுத்திலே காமிராவை மாட்டிக்கொண்டு, “யானையைப் படம் பிடிக்கப் போகிறேன்” என்று புறப்படும்போது, பெற்றோருக்கு ஒரு புறம் சிரிப்பு வருகிறது. ஒரு புறம் அச்சமும் எழுகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. நான் ரெயில்வேயில் குமாஸ்தா. வனவிலங்கு நிபுணன் அல்லேன். ஆயினும் இக்கலையைப் பற்றிப் படித்தும், விஷயம் அறிந்தவர்களைக் கேட்டும், ஓய்வு நாட்களில் நேரில் கண்டும் தெரிந்துகொண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறேன்.

காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கும் கலை துப்பாக்கியின் நிழலிலே பிறந்தது. ராஜாக்களும் துரைமார்களும் கொன்ற புலியின்மீது காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட காலத்தில், எப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி உயிருள்ள புலியைப் படம் எடுக்க விரும்பினார். அன்றைய ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் உத்தியோகம் பார்த்தவர் அவர். புலி வழக்கமாக நடந்து செல்லும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி வைப்பார். இரவிலே புலியின் கால் அதில் பட்டதும் பளீரென்று வெளிச்சம் எழும். காமிராவும் தானே இயங்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். அப்படங்கள் 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டனில் வெளிவந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையில் அச்சாயின. 1927-இல் அவரே நூலும் எழுதினார். வேட்டைக்காரரான ஜிம் கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவையே விரும்பியதற்குச் சாம்பியனின் படங்கள் ஒரு காரணம். இன்று நம் நாட்டில் புலிகளைக் கணக்கெடுக்கக் காட்டு மரங்களில் கட்டி வைக்கும் தானியங்கிக் காமிராக்கள் எல்லாம் அந்தக் கம்பியின் வாரிசுகளே. ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லையாதலால், படத்தைக் கொண்டே இது இன்ன புலி என்று பிரித்தறிய முடிகிறது.

இக்கலையில் தமிழர்களாகிய நமக்கு உரிமையான பெருமை ஒன்று உண்டு. அவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் கடைசிப் புதல்வர். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவரும் சில காலம் கன்னட நாட்டிலே உத்தியோகம் பார்த்தவர்தாம். இன்று பல்லாரிப் பக்கம் உள்ள சந்தூர் அப்போது ஒரு சிறிய சமஸ்தானம். அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி எனப் பல பதவிகளை வகித்தார். 1949-இல் அந்தச் சமஸ்தானம் இணைக்கப்பட்ட பின் வேறு உத்தியோகத்தை நாடவில்லை. எழுத்தையும் காமிராவையும் நம்பியே வாழத் துணிந்தார். மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய நமக்கு அந்தத் துணிவின் அளவு புரியும். 1950-இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் அவர் தொடங்கிய இயற்கைப் பகுதி, 1996 பிப்ரவரியில் அவர் காலமாகும் வரை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. தமிழிலும் பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் எழுதினார்; ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பு நூலகங்களில் கிடைத்தால் நம் பிள்ளைகளுக்கு அவசியம் வாங்கிக் கொடுங்கள்.

கிருஷ்ணன் படம் எடுத்த முறையைக் கவனிக்கவேண்டும். வண்ணப் படத்தை அவர் விரும்பவில்லை. கறுப்பு வெள்ளையே அவருக்குப் போதும். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கனத்த காமிராவை அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். முதுமலைக் காட்டில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளைப் படம் பிடித்தார். யானைமீது வரும் மனிதனைக் காட்டு மிருகங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நடந்து வந்தால் ஓடும் அல்லது துரத்தும். ஆனால் ஆசனம் ஓயாமல் அசையும்; காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டே நொடியில் படம் எடுக்கவேண்டும். பாகனுடைய உதவி இல்லாமல் அதில் ஒரு படமும் விழுந்திராது. படத்தின் கீழே எடுத்தவர் பெயர் மட்டும் அச்சாகிறது. பாகன் பெயரை யார் கேட்கிறார்கள்? 1970-இல் பத்மஸ்ரீ விருது கிருஷ்ணனைத் தேடி வந்தது.

இன்னொருவர் நமக்கு மேலும் அருகில் இருந்தவர்: டி. என். ஏ. பெருமாள். 1932-இல் தஞ்சாவூரில் பிறந்து, பிழைப்பின் நிமித்தம் பெங்களூருக்கு வந்து, இங்கேயே நிலைத்தவர். நம் கதைதான். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற பெரியவரிடம் தொழிலைக் கற்று, பின்னர் தாமே பல இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கினார். இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி அவரைத் தன் பெல்லோவாக ஏற்றுக் கௌரவித்தது. 2017-இல் காலமானார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு, காட்டிலேயே நின்று கற்றுக் கொடுக்கும் வழக்கம் பெங்களூரில் வேரூன்றியதற்கு அவரைப் போன்றவர்களே காரணம்.

அந்த வழக்கத்தின் இன்றைய வடிவந்தான் வழிகாட்டியுடன் செல்லும் படப் பிரயாணங்கள். கர்நாடக அரசு 1980-இல் ‘ஜங்கிள் லாட்ஜஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கபினி ஆற்றங்கரையில் விடுதி ஒன்றை ஏற்படுத்தியது. இன்று மாநிலத்தின் பல காடுகளில் அதற்கு விடுதிகள் உண்டு. நம் பன்னேர்கட்டாவிலும் உண்டு. விடியற்காலையில் ஒரு சவாரி, பிற்பகலில் ஒரு சவாரி என்று ஜீப்பிலோ படகிலோ அழைத்துச் செல்கிறார்கள். கூடவே இயற்கையை அறிந்த வழிகாட்டி ஒருவர் வருவார். இவையன்றி, பெங்களூரில் உள்ள அனுபவசாலிகள் ஆறேழு பேர்களைச் சேர்த்துக்கொண்டு கபினிக்கும், பத்ரா நீர்த்தேக்கத்துக்கும், இன்னும் தொலைவான காடுகளுக்கும் சென்று பாடம் நடத்துவதும் உண்டு. செலவு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு எளிதில் எட்டுவதன்று. நீண்ட லென்ஸின் விலையைக் கேட்டால் சேமநிதியின் ஞாபகம் வந்துவிடுகிறது. ஆயினும் அரசாங்கப் படகும் சவாரி வண்டியும் சிக்கனமானவை.

வழிகாட்டி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கண்கள் நமக்கும் இருக்கின்றனவே! இருக்கின்றன, ஆனால் காட்டிலே முதல் வேலை காதுக்கு. மரக்கிளையில் இருக்கும் மந்தி இருமுவதுபோல் ஓர் ஒலி எழுப்பினால், புலியோ சிறுத்தையோ அதன் கண்ணில் பட்டுவிட்டது என்று பொருள். உயரத்தில் இருப்பதால் அது மற்றப் பிராணிகளுக்கு முன்னால் காணும். புள்ளிமான் கூர்மையாகக் கூவும்; ஆனால் அது சற்றே பயந்த சுபாவம் உடையது, சருகு உதிர்ந்தாலும் ஒருமுறை கூவிவிடும். மிளா அப்படியன்று. கனத்த குரலில் அது திரும்பத் திரும்ப ஒலி எழுப்பினால் வழிகாட்டி உடனே வண்டியை நிறுத்தச் சொல்வார். எந்தத் திசையை நோக்கி அந்த மிளா நிற்கிறது என்று பார்ப்பார். புலி எந்தப் பக்கமாக நடக்கிறது, எங்கே பாதையைக் கடக்கும் என்பதை மனத்துக்குள் கணக்கிட்டு, நூறு கஜம் முன்னால் சென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். துரத்தியவனுக்குப் புலியின் முதுகுதான் கிடைக்கும். காத்திருந்தவனுக்கு முகம் கிடைக்கும். கபினிப் பக்கத்துக் காடுகளில் ஜேனு குறுபர் முதலான பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வித்தையைக் கைவரப் பெற்றவர்கள். நமக்கு மெட்ரிகுலேஷன் வரை யாரும் இதைக் கற்றுத் தரவில்லை.

யானை விஷயத்தில் இந்த அறிவு உயிரையே காப்பது. காதுகளை மெல்ல விசிறிக்கொண்டு புல்லை உதைத்து உதைத்து மேயும் யானை நிம்மதியாக இருக்கிறது. விசிறுவதை நிறுத்திக் காதுகளை விரித்து, தலையை நிமிர்த்தி நேரே நம்மைப் பார்த்தால், போதும் என்று சொல்கிறது. கன்னத்தில் மதநீர் வடியும் ஆண் யானையாக இருந்தால் அந்த எச்சரிக்கைக்கும் காத்திருக்கக்கூடாது. தாய் யானைக்கும் குட்டிக்கும் இடையே வண்டியை நிறுத்தும் ஓட்டுநர் காட்டுக்குத் தகுதியற்றவர். புலிகள் காப்பகங்களில் விலங்குக்கும் வண்டிக்கும் இடையே குறைந்தது 20 மீட்டரும், வண்டிக்கும் வண்டிக்கும் இடையே 50 மீட்டரும் இருக்கவேண்டும் என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் நெறிமுறை வகுத்தது. கபினியில் கருஞ்சிறுத்தை தோன்றுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவிய பின், அந்த இடைவெளியைக் காப்பது வழிகாட்டிகளுக்குப் பெரும்பாடாயிற்று.

தொழில் நுணுக்கத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஜீப்பிலே முக்காலிக்கு இடமில்லை. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்து, இரண்டு கிலோ அரிசியோ கேழ்வரகோ நிரப்பி, வண்டியின் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கவிட்டால் அசைவு நின்றுவிடும். திரும்பி வந்தபின் அதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டிலே கேட்டார்கள். அது அவரவர் விருப்பம். பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரமே ஷட்டர் திறந்திருக்கவேண்டும். எந்தப் பிராணியானாலும் அதன் கண் தெளிவாக விழவேண்டும். வால் மங்கினாலும் குற்றமில்லை. சூரியன் உதித்த இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்திய இரண்டு மணி நேரமும் ஒளி சாய்ந்து வரும். நடுப்பகல் தூங்குவதற்கு உரியது. புலிக்கும் அதுவே அபிப்பிராயம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆனேக்கல் தாலுகாவை ஒட்டியே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா 1974-இல் உருவாயிற்று. பின்னர் 2002-இல் விலங்குக் காட்சிப் பகுதி தனியே பிரிக்கப்பட்டு உயிரியல் பூங்கா ஆயிற்று. பஸ்ஸில் ஏறிச் சிங்கத்தையும் புலியையும் பார்த்து வருகிறோமே, அது வேலிக்குள் வளர்க்கப்படும் பிராணிகளின் பகுதி. இந்தியாவிலே சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டுமே. அங்குள்ள கரடிகளில் பல, முன்பு தெருவிலே கரடியாட்டம் ஆடியவர்களிடமிருந்து மீட்கப்பட்டவை. குழந்தைகள் அவற்றைக் கண்டு களிக்கட்டும். பெரியவர்களும் காமிராவைப் பழகிக்கொள்ள அது நல்ல இடமே. ஆனால் அப்படத்தைச் சுவரிலே மாட்டி, ‘காட்டிலே கண்ட புலி’ என்று எழுதுவது தகாது. போட்டிகளிலும் சுதந்திரமாக வாழும் விலங்கையே வனவிலங்கு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

வேலிக்கு அப்பால் உள்ள காடுதான் உண்மையான காடு. அது தெற்கே நீண்டு தமிழ்நாட்டின் ஜவளகிரிக் காட்டோடும், 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தோடும் தொடர்புடையது. யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. கேழ்வரகு முற்றும் பருவத்தில், கார்த்திகை முதல் தை வரையில், அவை கூட்டங்கூட்டமாக இறங்கித் தளி, ஓசூர், சானமாவு என்று நடக்கின்றன. இரவிலே நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. பகலில் ஒரு தோப்பிலோ ஏரியிலோ தங்கிவிட்டு இருட்டிய பின் மேலே செல்லும். விவசாயிகளுக்கு அது ஆண்டு முழுவதும் பாடுபட்ட தானியம் போகும் இரவு; சில வீடுகளில் உயிரே போன இரவும் உண்டு.

சென்ற மார்கழியில் அப்படி ஏழெட்டு யானைகள் ஓர் ஏரியில் நின்றதை நான் கண்டேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு குட்டிகள் நடுவில் நின்றன. கரையைச் சுற்றி இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம். ஆளுக்கொரு கைப்பேசி, யானையை நோக்கி முதுகைக் காட்டி நின்று தம்மையும் சேர்த்துப் படம் எடுப்பவர்கள் ஒரு புறம், யானை தலை நிமிரவேண்டும் என்பதற்காகக் கல் எறிந்த சிறுவர்கள் ஒரு புறம். யானை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. உழுத வயலிலே மனிதன் அதில் பாதி வேகமும் ஓடமாட்டான். வனத்துறைக் காவலர் ஒருவர் கன்னடத்திலும் தமிழிலும் கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தார். “யானையை ஓட்டிவிடலாம் சார், இந்த ஜனங்களை ஓட்டத்தான் முடியவில்லை” என்றார். யானைகள் செல்லவேண்டிய திசையிலேதான் கூட்டம் அடர்த்தியாக நின்றது. அவை வழி கிடைக்காமல் மாலை வரையில் அந்தச் சேற்றிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. இருட்டிய பின் வேறு பக்கமாகப் புறப்பட்டு, யாரும் எதிர்பாராத ஒரு கொல்லையின் ஊடே சென்றன. அந்தக் கொல்லைக்காரரான கிழவர் மறுநாள் காலையில் மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதே ஏரிக்கரைக்குப் பெங்களூரிலிருந்து பெரிய பெரிய காமிராக்களுடன் ஆறு பேரும் அவர்களுடைய ஆசானும் வந்திருந்தனர். கூட்டத்தைக் கண்டதும் அந்த ஆசான் காவலரிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, “இன்று இங்கே நமக்கு வேலை இல்லை, பைகளைக் கட்டுங்கள்” என்றார். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். மற்றவர்கள் வண்டியில் ஏறி, சற்றுத் தூரத்தில் வேலிக் கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்த பஞ்சுருட்டான் குருவிகளைப் படம் பிடிக்கச் சென்றுவிட்டனர். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் யானையைக் காட்டுவதற்காக என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் பலரும் அறியாதது. கொல்வது மட்டும் வேட்டை அன்று. விலங்கை விரட்டுவதும், இரை வைத்து இழுப்பதும், பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் அதில் அடங்கும். படம் நன்றாக விழவேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிகிறார்கள். அந்த இலைகள் வெயிலுக்குக் குடையாக இருந்தவை. காகத்தின் கண்ணுக்குத் திரையாக இருந்தவை. படம் எடுத்தவர் வீடு திரும்பிச் சாப்பிட உட்காருவதற்குள் குஞ்சுகள் இராமல் போகலாம். தேவாங்கின் கண்ணிலும் ஆந்தையின் கண்ணிலும் மீண்டும் மீண்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சுவதும் நல்லதன்று. இருட்டுக்கென்று அமைந்த கண்கள் அவை.

ஆறுமணிக் குருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையிலும் மாலையிலும் குறித்த வேளையில் கூவுவதால் நம்மவர் இட்ட பெயர் அது. வடக்கே இனப்பெருக்கம் செய்து, மழைக்குப் பின் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வருவது. நெடுந்தூரம் பறந்து களைத்து வீட்டுத் தோட்டத்தில் இறங்கிச் சருகுக்கடியில் புழு தேடும். அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை வெளியே இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தன் இடத்தில் இன்னொன்று புகுந்துவிட்டதென்று எண்ணி அது இரை தேடுவதை விட்டு ஓடி ஓடித் தேடுகிறது. பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தானே வரும். பொறுமைக்குத் தனியாக விலை கொடுக்கவேண்டியதில்லை.

குடும்பத்தோடு முதன்முதலாகப் போக விரும்புகிறவர்களுக்கு நான் கபினியைச் சொல்லமாட்டேன். அன்றியும், புலியால் மனிதர் இறந்ததை ஒட்டி 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் அரசு சவாரியை நிறுத்தியது போன்ற சந்தர்ப்பங்கள் நேர்வதால், காட்டுக்குப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம். முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டுக்குச் செல்லுங்கள். காவிரியில் 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசர் கட்டிய தடுப்பணையால் உண்டான சிறு தீவுகள் அவை. பறவை அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயம் ஆயிற்று. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, ஆற்று ஆலா எல்லாம் உண்டு. பாறைமீது முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காயும். படகோட்டிதான் வழிகாட்டி. அவர் துடுப்பை நிறுத்தும் இடத்தில் நாமும் பேச்சை நிறுத்தவேண்டும்.

ஆனேக்கல் ரோடு நிலையத்தில் வண்டி ஏறிப் பெங்களூரில் மாறி மைசூர் வண்டியைப் பிடிக்கலாம். (நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ என்று வந்தால் ஊர் சற்றுத் தள்ளி இருக்கிறது என்பது ரெயில்வே பாஷை, ஆகவே நிலையத்துக்குச் செல்லவே முன்னதாகப் புறப்படுங்கள்.) ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரந்தான். மாசி முதல் வைகாசி வரை கூடுகள் நிறைந்திருக்கும். பகல் வண்டியில் போனால் உச்சி வெயிலில்தான் படகு ஏற நேரும். முதல் நாள் மாலையிலேயே மைசூரில் தங்கிவிட்டு, காலையில் வாயில் திறந்ததும் முதற் படகில் ஏறுவது உத்தமம். குழந்தைகளுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம். பிஸ்கோத்துப் பொட்டலங்களைக் கரையிலேயே பிரித்து, காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அதன் சரசரப்பில் மீன்கொத்தி பறந்துவிடும். படகில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.